நிறுவிய பிறகு தொடங்கும் வேலை: டெஸ்க்டாப் செயலிகளோடு நெடுங்கால அனுபவம்

இணையச் செயலி எழுதுகிறவர் காலையில் கண்ட பிழையை மதியத்துக்குள் சர்வரில் திருத்திவிடலாம். மாலையில் எல்லோர் கையிலும் திருத்திய பதிப்புதான் இருக்கும். டெஸ்க்டாப் செயலி எழுதுகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளியிட்ட பதிப்பு அடுத்தவர் கணினியில் குடியேறிவிடுகிறது. அவர் அதைப் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம், கணினியை மாற்றும்போது கோப்புறையோடு நகலெடுத்துப் போய் "இங்கே ஏன் ஓடவில்லை?" என்று கேட்கலாம். எந்த மொழி நல்லது, எந்தக் கருவி வேகமானது என்று வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் முதல் மாத அனுபவத்தை வைத்து எழுதப்படுகின்றன. முதல் மாதத்தில் எல்லாக் கருவிகளும் இனிக்கும். நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றி.

நான் தனியாக வேலை செய்யும் நிரலாளர். சிறு நூலகங்களும் சேகரிப்பாளர்களும் பயன்படுத்தும் பட்டியலிடும் செயலி ஒன்றும், அதனோடு ஒட்டிய லேபிள் அச்சிடும் செயலி ஒன்றும் என் பிழைப்பு. முதலில் விண்டோஸுக்கு மட்டும் எழுதினேன், பிறகு மேக் வந்தது, லினக்ஸ் கொஞ்சம். இதற்கிடையே விஷுவல் பேசிக் 6, வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், க்யூட்டி, எலக்ட்ரான், டாரி என்று பல கருவிகளில் பணம் வாங்கும் அளவுக்கு வேலை செய்திருக்கிறேன். பொம்மைச் செயலி எழுதிப் பார்த்ததை வைத்து எதையும் இங்கே மதிப்பிடவில்லை.

பழைய கருவிகள், புதிய கருவிகள்

1998இல் வந்த விஷுவல் பேசிக் 6ஐ இன்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள், நானும் மாட்டேன். அதன் உருவாக்கச் சூழலுக்கான ஆதரவு 2008இலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதில் தொகுத்த நிரலை ஓட்டத் தேவையான அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11 வரைக்கும் இயங்குதளத்தோடு வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் எழுதிய சின்னக் கணக்கீட்டுக் கருவி ஒன்று இன்றும் சில வாடிக்கையாளர்களிடம் ஓடுகிறது. நேற்று வந்த எத்தனை கருவிகளுக்கு இந்த ஆயுள் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதன் பெரிய குறை எழுத்துகளில் இருந்தது. உள்ளுக்குள் உரையை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடாக வைத்திருக்கும். திரையில் காட்டும் பெட்டிகளும் பொத்தான்களும் மொழித் தொகுதிக்கு ஒன்றாக எழுத்து அட்டவணை வைக்கும் பழைய குறிப்பக்க முறையில் இயங்கும். தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு குறிப்பக்கமே கிடையாது, யூனிகோட் மட்டும்தான். விளைவு, தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் பெருகியதற்கு இப்படிப்பட்ட கருவிகளும் ஒரு காரணம். அவற்றில் சேமித்த தரவுகளை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லி இன்னமும் எனக்கு வேலை வருகிறது.

2002இல், மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்தது வின்ஃபார்ம்ஸ். படம் வரைவது போலப் படிவத்தை வரைந்து, பொத்தானை இருமுறை சொடுக்கி, நிரலை எழுதலாம். இதைக் கிண்டல் செய்யும் இளைஞர்கள் பலர். தரவு உள்ளிடும் திரைகள் முப்பது நாற்பது வேண்டும் என்றால் இதைவிட விரைவாக முடிக்கும் கருவியை நான் இதுவரை கண்டதில்லை. விண்டோஸின் சொந்தப் பெட்டிகளைத்தான் இது பயன்படுத்துகிறது. அதனால் டேப் விசையால் நகர்வது, குறுக்குவிசைகள், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் எல்லாம் கூடுதல் உழைப்பில்லாமல் வேலை செய்கின்றன. பார்வையற்ற நூலகர் ஒருவர் என் செயலியை முழுவதும் விசைப்பலகையால் இயக்குகிறார் என்று தெரியவந்தபோது, அதற்கென்று நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

வின்ஃபார்ம்ஸ் தடுமாறும் இடம் திரையின் அடர்த்தி. விண்டோஸ் 8.1 வந்த 2013 முதல் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு விகிதம் வைக்கலாம். மடிக்கணினியில் 150 சதவீதம், பக்கத்தில் இருக்கும் திரையில் 100 சதவீதம். செயலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்தால் எழுத்துகள் மங்கும், பொத்தான்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். 2017இல் நிலைமை வெகுவாக முன்னேறியது என்றாலும், பழைய படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சீர்செய்ய வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு எந்த வாடிக்கையாளரும் நன்றி சொல்வதில்லை. சரியாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

2006இல் வந்த டபிள்யூபிஎஃப் இந்தச் சிக்கலை அடியிலேயே தீர்த்திருந்தது. எல்லாம் திசையன் முறையில் வரையப்படுவதால் எந்த அளவிலும் கூர்மை குறையாது. தரவையும் திரையையும் பிணைக்கும் முறை பழகிவிட்டால் விடமுடியாது. பழகும் வரை படுத்தும் பாடு வேறு. பிணைப்பில் ஒரு பண்பின் பெயரைத் தவறாகத் தட்டினால் செயலி நிற்காது, எச்சரிக்கைப் பெட்டி வராது. பிழைநீக்கும் சாளரத்தின் ஓரத்தில் ஒரு வரி மட்டும் ஓடிப்போகும். திரையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

இதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 2007இல் சில்வர்லைட் வந்தது, 2021இல் அதன் ஆதரவு நின்றது. 2012இல் விண்டோஸ் 8உடன் வேறொரு முறை, 2015இல் விண்டோஸ் 10உடன் யூடபிள்யூபி, 2021இல் வின்யூஐ 3, 2022இல் மாவி. ஒவ்வொன்றும் வந்தபோது இனி இதுதான் எதிர்காலம் என்ற பேச்சு எழுந்தது. பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஒரு குழுவை ஒதுக்கலாம். தனி ஆள் ஒவ்வொன்றுக்கும் மாறியிருந்தால், ஒரே செயலியைத் திரும்பத் திரும்ப எழுதுவதிலேயே வாழ்க்கை போயிருக்கும். இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் வின்ஃபார்ம்ஸும் டபிள்யூபிஎஃப்பும் ஓசையில்லாமல் 2018 டிசம்பரில் திறந்த மூலமாயின. 2019இல் டாட்நெட் கோர் 3.0 வழியாகப் புதிய தளத்துக்கும் வந்து சேர்ந்தன. புதிய ஃப்ரேம்வொர்க் ஒன்று அறிவிக்கப்பட்டால் அதன் இரண்டு பெரிய பதிப்புகள் கடக்கும் வரை அதில் விற்பனைக்கான நிரல் எழுதுவதில்லை என்பது என் வழக்கம். சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

மேக் பதிப்பு வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் க்யூட்டிக்குப் போனேன். 1995இல் நார்வேயில் பிறந்த நிரல் நூலகம் இது. 2008இல் நோக்கியா வாங்கியது. 2009இல் எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமமும் சேர்ந்தது. 2012இல் டிஜியா என்ற ஃபின்லாந்து நிறுவனத்துக்குக் கை மாறியது. பிறகு அதற்கென்றே தனி நிறுவனம் வந்தது. இத்தனை முறை உரிமையாளர் மாறிய ஒரு பொருளை நம்பலாமா என்று நானும் தயங்கினேன். நிரலைப் பொறுத்தவரை அதன் பழைய வாசல்கள் அப்படியே இருந்தன. நான்கிலிருந்து ஐந்துக்கு மாறியது ஏறக்குறைய தலைப்புக் கோப்புகளை மாற்றும் வேலை. 2020 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்புக்கு மாறும்போது பழைய தேடல் வடிவங்களையும் எழுத்துக்குறி மாற்றிகளையும் தனித் தொகுப்பில் ஒதுக்கியிருந்தார்கள்; அவற்றைச் சேர்த்துக்கொண்டு முதலில் ஓட்டிவிட்டு, நிதானமாகப் புதிய முறைக்கு மாற முடிந்தது. பழைய நிரலை மதிக்கும் பழக்கம் இது.

அச்சிடுவது, பிடிஎஃப் உருவாக்குவது, லட்சக்கணக்கான வரிகள் உள்ள அட்டவணையைத் தடையில்லாமல் உருட்டுவது, ஒருமை பன்மை வேறுபாட்டோடு மொழிபெயர்ப்பது என எனக்கு வேண்டியவை அனைத்தும் அதற்குள்ளேயே இருந்தன. குறை என்றால் இரண்டு. பெட்டிகளையும் பொத்தான்களையும் தானே வரைந்துகொள்வதால் மேக் பயனர்களின் கண்ணில் ஏதோ ஒன்று உறுத்தும்; ஒரு பட்டியின் உயரம், ஒரு இடைவெளி. மேக் பயனர்கள் அதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். இரண்டாவது, உரிமம். எல்ஜிபிஎல் வழியில் மூடிய செயலியை விற்கலாம். ஆனால் பயனர் விரும்பினால் நூலகத்தை மாற்றிக்கொள்ளும் வகையில் தனிக் கோப்புகளாக இணைக்க வேண்டும், உரிம வாசகத்தைத் தர வேண்டும், எந்தத் தொகுதி எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சில தொகுதிகள், செயலியின் நிரலையும் திறக்கச் சொல்லும் ஜிபிஎல்லில் மட்டும் இருக்கின்றன. இதைப் படிக்காமல் நிரல் எழுதத் தொடங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலை நுட்பங்களால் டெஸ்க்டாப் செயலி எழுத உதவும் எலக்ட்ரானைப் பற்றி ஊரே பேசியாயிற்று. ஆட்டம் என்ற எடிட்டருக்காக 2013இல் தொடங்கியது. 2015இல் இன்றைய பெயரைப் பெற்றது. விஷுவல் ஸ்டுடியோ கோட் அதன் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு செயலியும் தன்னோடு ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருவதால், ஒன்றுமே செய்யாத செயலியும் வட்டில் நூறு எம்பிக்கு மேல் இடம் கேட்கிறது. எல்லோரும் நினைவகத்தைக் குறை சொல்கிறார்கள். என்னை உறுத்தியது வேறு. எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வெளிவருகிறது. கடைசி மூன்று பெரிய பதிப்புகளுக்கு மட்டுமே ஆதரவு. உலாவியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அது என் செயலியின் ஓட்டையும்கூட. அதாவது, புதிதாக எந்த வசதியும் சேர்க்காத ஆண்டிலும் சும்மா இருக்க முடியாது. ஓடும் படிக்கட்டில் இறங்காமல் நின்ற இடத்திலேயே நிற்க நடந்துகொண்டே இருப்பது போல. பத்துப் பேர் உள்ள குழுவுக்கு இது பொருட்டே இல்லை.

நியாயமாகச் சொன்னால் அதன் எழுத்து அமைப்பு அருமை. தமிழ், அரபு, தேவநாகரி எதைக் கொடுத்தாலும் மூன்று இயங்குதளங்களிலும் பிசகில்லாமல் காட்டும். 2022இல் 1.0 பதிப்பையும் 2024இல் 2.0 பதிப்பையும் எட்டிய டாரி, உலாவியைச் சுமக்காமல் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும், வலைப்பக்கம் காட்டும் பாகமான வலைக்காட்சியைப் பயன்படுத்துவதால் சில எம்பியிலேயே முடிந்துவிடுகிறது. சிறிய கருவி ஒன்றை அதில் செய்து திருப்தியாகவே இருக்கிறேன். பதிலுக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், விண்டோஸில் ஒரு எஞ்சின், மேக்கில் இன்னொன்று, லினக்ஸில் வேறொன்று. சோதனை மூன்று மடங்கு. அதோடு, நான் எதையும் மாற்றாதபோதும் இயங்குதளம் தன் எஞ்சினைப் புதுப்பித்தால் என் செயலியின் தோற்றம் மாறலாம்.

தரவு

திரையில் எது இருந்தாலும் வாடிக்கையாளர் உங்களோடு ஆண்டுக்கணக்கில் இருப்பது உள்ளே இருக்கும் தரவுக்காக. இந்த விஷயத்தில் எனக்கு எந்த ஊசலாட்டமும் இல்லை: செயலிக்குள்ளேயே இயங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட். 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. பதிப்புரிமையே கோராமல் பொதுச்சொத்தாக விட்டிருக்கிறார்கள். 2050 வரை ஆதரவளிக்கும் நோக்கத்தோடு பராமரிப்பதாக அறிவித்திருக்கிறார்கள். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. வாடிக்கையாளர் அந்த ஒரு கோப்பை எனக்கு அனுப்பினால் சிக்கலை என் மேசையில் அப்படியே பார்த்துவிடலாம். இதன் அருமை தொலைபேசியில் ஆதரவு கொடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஒரே கோப்பு என்பதில்தான் வினையும் இருக்கிறது. கோப்பு என்றதும் பயனர் அதைக் கோப்பு போலவே நடத்துகிறார். அலுவலகத்தின் பொது வட்டில் வைத்து நான்கு பேர் திறக்கிறார்கள். மேகச் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறையில் வைக்கிறார்கள். 2010இல் எஸ்கியூலைட்டில் சேர்ந்த வால் எனப்படும் முறையில், மாற்றங்கள் முதலில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோப்பில் எழுதப்பட்டுப் பிறகு மூலக் கோப்பில் சேர்க்கப்படும். வேகம் நன்றாகக் கூடும். ஆனால் திறக்கும் எல்லோரும் ஒரே கணினியில் இருக்க வேண்டும். வலையமைப்பு வட்டில் இது வேலை செய்யாது. ஒத்திசைவுக் கருவியோ மூலக் கோப்பை ஒரு நேரத்திலும் பக்கத்துக் கோப்பை இன்னொரு நேரத்திலும் மேலேற்றும். மறு கணினியில் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இறங்கும். பிறகு வரும் மின்னஞ்சலின் தலைப்பு எப்போதும் "அவசரம்".

"அங்கே வைக்காதீர்கள்" என்று உதவிப் பக்கத்தில் எழுதுவதால் பயன் இல்லை. உதவிப் பக்கத்தைப் படிப்பவர் அங்கே வைக்க மாட்டார். வைப்பவர் படிக்க மாட்டார். செயலியே பார்த்துக்கொள்ள வேண்டும். என் செயலி திறக்கும்போது கோப்பு வலையமைப்பு வட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பழைய பதிவு முறைக்கு மாறிக்கொள்கிறது. மூடும்போது பக்கத்துக் கோப்பில் இருப்பதை மூலத்தில் சேர்த்துவிட்டுத்தான் மூடுகிறது. 2019இல் வந்த ஒரு கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைச் சுத்தமான புதிய கோப்பாக எழுதித் தருகிறது. அதை வைத்து நாளொரு காப்பு எடுத்துப் பயனரின் உள்ளூர் வட்டில் வைக்கிறேன். பழைய காப்புகளை அழிக்கும்போது ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றாவது எஞ்சும்படி விடுகிறேன். தரவு கெட்டுப்போனது பல வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும். அப்போது நேற்றைய காப்பும் கெட்டுத்தான் இருக்கும்.

அட்டவணை அமைப்பு மாறும்போது என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தரவுத்தளக் கோப்பின் தலைப்பிலேயே நமக்கென்று ஒரு எண் எழுத இடம் இருக்கிறது. என் அமைப்பின் பதிப்பு எண்ணை அங்கே வைக்கிறேன். புதிய செயலி பழைய கோப்பைத் திறந்தால், முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு, ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வரும். மிகப் பழைய பதிப்பிலிருந்து இன்றைய பதிப்புக்கு நேராகத் தாவுபவர்கள் உண்டு என்பதால் எந்தப் படியையும் நிரலிலிருந்து நீக்குவதில்லை. எதிர்த்திசையை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: அலுவலகத்தில் ஒருவர் புதுப்பித்திருப்பார், பக்கத்து மேசைக்காரர் பழைய பதிப்பில் அதே கோப்பைத் திறப்பார். அப்போது பழைய செயலி, இது என்னைவிடப் புதிய கோப்பு என்று கண்டுகொண்டு, படிக்க மட்டும் அனுமதித்து, எழுத மறுக்க வேண்டும். இந்தச் சோதனையை முதல் பதிப்பிலேயே வைக்க வேண்டும். வெளியே போய்விட்ட பழைய பதிப்புக்குள் பின்னர் எதையும் நுழைக்க முடியாது.

எழுத்தும் எண்ணும்

ஒரே மொழியில் ஒரே நாட்டுக்கு எழுதுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஐரோப்பாவின் பல நாடுகளில் பதின்மப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. 3.5 என்று நாம் எழுதுவது அங்கே 3,5. இதைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் எழுதினால் ஒரு எண் இரண்டு நெடுவரிசையாகிவிடும்; அந்த நாடுகளில் எக்செல் அரைப்புள்ளியால் பிரித்த கோப்பைத்தான் எதிர்பார்க்கிறது. துருக்கியில் ஆங்கிலப் பெரிய ஐ எழுத்தைச் சிறியதாக்கினால் புள்ளியில்லாத வேறொரு எழுத்து வரும். கட்டளைப் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடும் நிரல் அங்கே மட்டும் தோற்கும். திரையில் காட்டும் எண்ணும் கோப்பில் எழுதும் எண்ணும் வேறு வேறு பாதையில் போக வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கிறேன்.

தமிழ் இன்னும் நுட்பமாகச் சோதிக்கும். 'கொ' என்பதில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். உள்ளே வரும் எல்லாவற்றையும் யூனிகோடின் ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் இந்தத் தலைவலி போகும். அகரவரிசை இன்னொரு தலைவலி. யூனிகோட் அட்டவணையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. நம் வரிசையில் அவை இரண்டும் கடைசியில் வர வேண்டியவை. எஸ்கியூலைட் இயல்பாகப் பைட் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோட் உரையைக் கையாளும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை விதியை ஒப்பீட்டுச் செயற்கூறாகப் பதிவுசெய்தால் நூலகர் எதிர்பார்க்கும் வரிசை வரும். லேபிளில் இடம் போதாமல் பெயரை வெட்டும்போது உயிர்க்குறியை எழுத்திலிருந்து பிரித்துவிடாமல் வெட்டுவதற்கும் அதே நூலகம் உதவுகிறது. இதைச் செய்யாத செயலி அச்சிட்ட லேபிள்களில் புள்ளிவட்டத்தின் மேல் தனியாகத் தொங்கும் கொம்புகளைப் பார்த்திருப்பீர்கள்.

உறையும் சாளரம்

திரையை இயக்கும் த்ரெட், அதாவது நிரலின் செயல் ஓட்டம், ஒன்றே ஒன்று. அதில் நீண்ட வேலை எதையும் வைக்கக் கூடாது என்பது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஐந்து விநாடி பதில் இல்லாவிட்டால் விண்டோஸ் சாளரத்தை வெளுக்க வைத்து, தலைப்பில் செயலி பதிலளிக்கவில்லை என்று எழுதிவிடும். பயனர் உடனே மூடுவார், பாதியில் நிற்கும் இறக்குமதியோடு. வேலையைப் பின்னணிக்கு அனுப்புவது எளிது. ரத்துசெய்யும் பொத்தான் உண்மையிலேயே ரத்துசெய்ய வைப்பதுதான் கடினம். இறக்குமதி முழுவதையும், எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால் ரத்து என்பது தரவுத்தளத்தின் பொறுப்பாகிவிடும். எஸ்கியூலைட்டில் இதன் கூடுதல் பலன் வேகம்: ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக உறுதிசெய்வதைவிடப் பன்மடங்கு விரைவாக முடியும்.

புத்தகங்களில் இல்லாத ஒன்று: பார்கோடு வருடி. பெரும்பாலான வருடிகள் தம்மை விசைப்பலகை என்றே கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. எண்ணைப் படபடவென்று தட்டிவிட்டுக் கடைசியில் எண்டர் விசையையும் அழுத்தும். அந்த எண்டர், படிவத்தின் இயல்புப் பொத்தானை இயக்கி, பாதி நிரம்பிய பதிவைச் சேமித்துவிடும். நூலகச் செயலியில் இது தினசரி நிகழ்வு. மனித விரல் தட்டமுடியாத வேகத்தில் எழுத்துகள் வந்தால் அது வருடி என்று கண்டுபிடித்து, அடுத்த எண்டரை விழுங்கிவிடும் சிறு நிரல் ஒன்று என் எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது.

வாசலில் நிற்கும் காவலர்கள்

செயலியை எழுதி முடிப்பது பாதி வேலை. அதைப் பயனரின் கணினி உள்ளே விட வேண்டும். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் செயலிகள் ஒரேயடியாக நின்றன. ஆப் ஸ்டோருக்கு வெளியே விற்கும் செயலிகளையும் ஆப்பிளுக்கு அனுப்பிச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்தில்தான் இறுகியது. அதற்கான உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 99 டாலர். எரிச்சல்தான், ஆனால் கட்டளை வரியில் அனுப்பினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டே எம்1 சில்லு வந்தது. இன்டெல்லுக்கும் அதற்குமாக இரட்டைத் தொகுப்பு.

விண்டோஸ் பக்கம் முறை வேறு. கையொப்பம் இல்லாத நிறுவியைத் திறந்தால் விண்டோஸின் பாதுகாப்புச் சோதனையான ஸ்மார்ட்ஸ்கிரீன் பயமுறுத்தும். கையொப்பம் இருந்தாலும் அந்தக் கோப்புக்கு நற்பெயர் சேரும் வரை பயமுறுத்தலாம். 2023 ஜூன் முதல், கையொப்பமிடும் ரகசிய விசையைப் பாதுகாப்பு வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்பது சான்றிதழ் வழங்குவோருக்கான விதி. முன்பு ஒரு கோப்பாக இருந்த விசை இப்போது யூஎஸ்பி குச்சியாகவோ மேகச் சேவையாகவோ இருக்கிறது. இரவில் தானாக ஓடித் தொகுத்துக் கையொப்பமிட்டு வைக்கும் என் ஏற்பாடு அதோடு முடிந்தது. இதற்கு மேல் வைரஸ் தடுப்புக் கருவிகள். அவற்றில் ஒன்று, என் செயலியை நீக்க உதவும் நிரலைத் தீங்கானது என்று பிடித்து அடைத்தது. முறையிட்டதும் விடுவித்தார்கள், அடுத்த பதிப்பில் மறுபடியும் பிடித்தார்கள். இப்போது வெளியீட்டுக்கு முந்தைய நாளே கோப்பை அவர்களுக்கு அனுப்பிவைப்பதும் வெளியீட்டுப் பணிகளில் ஒன்று.

நிறுவி உருவாக்க இன்னோ செட்டப் என்ற கருவி போதும் என்பது என் தீர்ப்பு. 1997 முதல் இருக்கிறது. நிர்வாகி அனுமதி கேட்காமல் பயனரின் சொந்தக் கோப்புறையில் நிறுவும் வசதியைப் பயன்படுத்துங்கள்; நிறுவனங்களில் இருக்கும் பயனர்கள் கணினிப் பிரிவின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தானியங்கிப் புதுப்பித்தலை நான் வைத்திருக்கிறேன், ஆனால் பயனர் சரி என்று சொன்ன பிறகுதான் இறங்கும், செயலியை மூடும்போதுதான் நிறுவும். முந்தைய பதிப்புகளின் நிறுவிகள் எப்போதும் தரவிறக்கக் கிடைக்கும். புதிய பதிப்பு ஒத்துவரவில்லை என்பவரை வலுக்கட்டாயமாக இழுத்து வருவதால் கிடைப்பது ஒரு எதிரி மட்டுமே.

உரிமச் சாவிக்கு சர்வர் வைத்துக்கொள்ளவில்லை. வாங்கியவரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் என் ரகசிய விசையால் கையொப்பமிட்டு ஒரு சிறு உரையாக அனுப்புகிறேன். செயலிக்குள் இருக்கும் பொது விசை அதைச் சரிபார்க்கிறது, இணையமே தேவையில்லை. உடைக்க நினைப்பவர் உடைப்பார். நாளை நான் கடையை மூடினாலும் பணம் கொடுத்தவர் கணினியில் செயலி திறக்கும். சந்தா முறைக்கு மாறச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். மாதாமாதம் வரும் பணம் எனக்கும் இனிக்கத்தான் செய்யும். ஆனால் என் வாடிக்கையாளர்கள் டெஸ்க்டாப் செயலியைத் தேடி வருவதற்கே காரணம் சந்தா இல்லை என்பதுதான். பெரிய பதிப்பு வரும்போது மேம்படுத்தல் கட்டணம் என்ற பழைய முறையிலேயே ஓட்டுகிறேன். வருமானம் சீராக இருக்காது.

புதிதாகத் தொடங்குபவர்கள் எதை எடுக்கலாம் என்று கேட்டால்: விண்டோஸுக்கு மட்டும், படிவங்கள் நிறைந்த செயலி என்றால் நீண்ட கால ஆதரவுள்ள டாட்நெட் பதிப்பில் வின்ஃபார்ம்ஸ் அல்லது டபிள்யூபிஎஃப். அந்தப் பதிப்புகளுக்கு மூன்றாண்டு ஆதரவு உண்டு, மாறுவதும் எளிது. மூன்று இயங்குதளங்களுக்கும், அச்சிடலும் பெரிய அட்டவணைகளும் இருந்தால் க்யூட்டி. க்யூட்டியின் மொழியான சி பிளஸ் பிளஸ் அச்சமூட்டினால் அதன் அதிகாரபூர்வ பைத்தான் இணைப்பு பைசைடு இருக்கிறது. வலை நுட்பங்கள் கைவந்தவர்களுக்கும், சிறிய கருவிகளுக்கும் டாரி. குழு இருந்தால், புதுப்பித்துக்கொண்டே இருக்க ஆள் இருந்தால், எலக்ட்ரான். டெல்ஃபி தெரிந்தவர்கள் யாருடைய பேச்சையும் கேட்க வேண்டாம். அதே பாஸ்கல் மொழி வழியில் வரும் திறந்த மூலமான லாசரஸ் இன்றும் வேகமான, தனித்து ஓடும் ஒற்றைக் கோப்பைத் தருகிறது. லினக்ஸ் பயனர்களுக்கு எழுதுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலேண்ட் சூழலில் செயலி தன் சாளரத்தைத் திரையில் எங்கே வைப்பது என்று தானே தீர்மானிக்க முடியாது. கடைசியாக மூடிய இடத்திலேயே திறக்கவில்லை என்று வரும் புகார்களுக்குத் தயாராக ஒரு பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.